தடைக்காலமும் பேக்கேஜ் அழிப்பு விதியும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் உள்ள ஐஸ் ஆலைகளிலும் மீன் குளிர் அறைகளிலும் எங்கள் சிறு நிறுவனத்தின் கருவிகள் ஓடுகின்றன. உள்ளங்கை அகலத்தில் ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, நான்கைந்து வெப்ப உணரிகள், கம்ப்ரஸரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் ஒரு கம்பி. கருவி அவ்வளவுதான். ஐஸ் அச்சுகள் அமிழ்ந்து கிடக்கும் உப்புநீர்த் தொட்டியின் குளிர் ஏறி இறங்குவதைக் கவனித்து, கோளாறு என்றால் உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அதற்குள் ஓடும் மென்பொருளை, ஓடத் தேவையான எல்லாம் சேர்ந்த ஒரே பொதியாக, அதாவது டாக்கர் இமேஜாகக் கட்டி, ராமநாதபுரம் அலுவலகத்தில் உள்ள நெக்சஸ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் வைக்கிறோம். கருவிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்தக் களஞ்சியத்தில் எதை வைத்திருப்பது, எதை எப்போது அழிப்பது என்று முடிவெடுக்கும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது.

கேட்பதற்குச் சின்ன வேலை. டிஸ்க் நிறைந்தால் பழையதை அழிக்க வேண்டும். ஆனால் எது பழையது என்று கேட்டால் சர்வர் ஒரு பதில் சொல்கிறது, கடற்கரை வேறொரு பதில் சொல்கிறது.

டிஸ்க் நிறைவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நிரலில் ஒரு வரி மாறினாலும் பில்ட் சர்வர் புதிய இமேஜ் கட்டும். தனியாக எழுதிவரும் ஒவ்வொரு நிரல் கிளைக்கும் ஒன்று, சோதனைக்கு ஒன்று, பொத்தானை யாராவது இருமுறை அழுத்தினால் இன்னொன்று. வெளியிலிருந்து நாங்கள் எடுக்கும் பைத்தான் நூலகங்கள், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பேக்கேஜ்கள், டாக்கர் ஹப் என்ற பொதுக் களஞ்சியத்தின் இமேஜ்கள் ஆகியவற்றின் நகல்களும் அதே சர்வரில் சேரும். நெக்சஸ் 3-இன் பழைய பதிப்புகளில் உள்ளிருந்த ஓரியன்ட்டிபி தரவுத்தளம், டிஸ்க்கில் 4 ஜிபிக்குக் கீழே இடம் குறைந்தால் எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும். எங்கள் சர்வரும் ஒரு நாள் அப்படி நின்றது. அப்போது களஞ்சியத்தைக் கவனித்துவந்த வெளியூர் ஒப்பந்ததாரர் அன்று மாலையே ஒரு விதியை எழுதிவைத்தார்: 60 நாளாக யாரும் பதிவிறக்காத இமேஜை அழித்துவிடு. நெக்சஸில் இதற்கு நிரல்கூட எழுத வேண்டியதில்லை. துப்புரவு விதிக்கான பக்கத்தில் ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டு, களஞ்சியத்தோடு இணைத்தால் முடிந்தது. இயல்பான அமைப்பில் தினமும் இரவு ஒரு மணிக்கு அந்த வேலை தானாக ஓடும்.

நான் பொறுப்பேற்பதற்கு முன்பே அந்த விதி பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புகாரும் வரவில்லை. காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதி. இரண்டு மாதமாக ஒருவரும் தொடாததை வைத்திருந்து என்ன பயன் என்று யாரும் கேட்பார்கள்.

ஆனால் கடைசியாகப் பதிவிறக்கிய தேதியும் கடைசியாகப் பயன்படுத்திய தேதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கருவி இமேஜை ஒருமுறை இறக்கிக்கொண்டால் அதன் மெமரி கார்டிலேயே நகல் தங்கிவிடும். மின்சாரம் போய் வந்தாலும், கருவி எத்தனை முறை புதிதாகத் தொடங்கினாலும் அந்த நகலையே எடுத்து ஓட்டும். களஞ்சியத்தின் பக்கம் தலைவைத்துப் பார்க்காது. பெரிய நிறுவனங்கள் பல கணினிகளில் இமேஜ்களை ஓட்டப் பயன்படுத்தும் குபர்நெட்டீஸிலும் இதே கதைதான். லேட்டஸ்ட் என்ற டேக் (பதிப்பின் பெயர்ச்சீட்டு) இல்லாத இமேஜுக்கு, இல்லாவிட்டால் மட்டும் இறக்கு என்பதே அங்கே இயல்பான நடத்தை. ஆக, ஒரு மென்பொருள் எவ்வளவு கோளாறின்றி ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதன் பதிவிறக்கத் தேதி பழையதாகிக்கொண்டே போகும். நன்றாக உழைப்பதைத் தேடிப்பிடித்து அழிக்கும் விதி அது.

அப்படியானால் பல மாதம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? உப்புக்காற்று எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் மெமரி கார்டுகள் நீண்ட நாள் உழைப்பதில்லை. அடிக்கடி மின்சாரம் போய் வரும் ஆலைகளில் இன்னும் மோசம். மாதத்தில் எங்காவது ஓரிடத்தில் கார்டு போகும், எங்கள் ஆள் போய்ப் புதுக் கார்டு போடுவார், கருவி அந்த ஆலைக்கு உரிய பதிப்பை மறுபடி இறக்கும். பல ஆலைகள் ஒரே பதிப்பில் இருந்ததால், ஓரிடத்தில் கார்டு மாற்றியது அத்தனை ஆலைகளின் பதிப்புக்கும் தேதியைப் புதுப்பித்துவிடும். யாரும் திட்டமிடாத ஏற்பாடு. அதனால்தான் யாருக்கும் அது தெரியவும் இல்லை.

தடைக்காலம் வந்தபோது அந்த ஏற்பாடு நின்றது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் விதிக்கும் தடை. நாட்டுப்படகுகள் போகலாம் என்றாலும், ஐஸ் வியாபாரத்தின் பெரும்பகுதி விசைப்படகை நம்பித்தான். எனவே எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் இயந்திரத்தை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, கம்ப்ரஸரைப் பிரித்துப் பழுதுபார்க்கப் போட்டுவிடுவார்கள். கருவிக்கும் மின்சாரம் இருக்காது. ஓடாத கருவியின் கார்டு கெட்டாலும் யாருக்கும் தெரியாது. மாற்றவும் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரே நேரத்தில் கரை முழுக்க மௌனம். விதியில் இருந்த எண் 60. தடையின் நீளம் 61.

விதி எழுதியவர் வெளியூர்க்காரர், அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சிலர் பரிந்து பேசினார்கள். இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் என்ன தொழில் செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இந்தக் கரையில் டீக்கடையில் நிற்பவர்கூடத் தடைக்காலத் தேதியைச் சொல்வார்.

விளைவு பாம்பனில் தெரிந்தது. தடை முடிந்து படகுகள் இறங்க வேண்டும் என்றால் ஐஸ் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். உப்புநீரைக் குளிரவைக்கவே நேரம் பிடிக்கும். அதன் பிறகுதான் ஐஸ் பார் உறையத் தொடங்கும். எனவே ஜூன் இரண்டாம் வாரத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். பாம்பன் ஆலையில் கருவி எழவில்லை என்று அழைப்பு வந்தது. நானும் எங்கள் கள ஊழியரும் போனோம். அவர் கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தகட்டுப் புள்ளிகளில் பச்சை பூத்திருந்தது. புதுக் கார்டைச் செருகி, அந்த ஆலையின் அமைப்புக் கோப்பை ஏற்றி, பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரே வரி: மேனிஃபெஸ்ட் அன்னோன். அப்படி ஓர் இமேஜ் களஞ்சியத்தில் இல்லை என்பது அதன் பொருள். டேக் பெயரில் எழுத்துப் பிழையோ என்று அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். பிழை இல்லை. ஆலை உரிமையாளர் வேட்டியை மடித்துக் கட்டியபடி காலி அச்சு ஒன்றின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். “தம்பி, ஏப்ரல் வரைக்கும் ஓடியதுதானே, அதையே திரும்பப் போடுங்களேன்” என்றார்.

அதையே போட முடியவில்லை என்பதை ஓர் ஐஸ் ஆலைக்காரருக்கு எப்படி விளக்குவது? அவர் கேட்டது முழுக்க நியாயம். களஞ்சியம் என்ற ஒன்றை வைத்திருப்பதே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான்.

புதிய பதிப்பைப் போடலாமே என்று தோன்றும். அந்த ஆலையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழையது; இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறையின் ஆஸ்கி வடிவத்தில் மட்டுமே பேசும். எங்கள் 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் அந்த வடிவத்துக்கான பகுதியை எடுத்துவிட்டோம். 1.8-தான் அங்கே ஓடும்.

மூல நிரல் கிட் என்ற நிரல் சேமிப்பு முறையில் பத்திரமாக இருக்கிறதே, மறுபடி கட்டிக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. மென்பொருள்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். முயன்று பார்த்தவர்கள் கொஞ்சம் தயங்கிச் சொல்வார்கள். நிரல் அதேதான், ஆனால் அது நிற்கும் அடிப்படை இமேஜ் அதே பெயரில் உள்ளுக்குள் பலமுறை மாறியிருக்கும். எண் குறிப்பிடாமல் விட்ட நூலகம் புதிதாக வந்து இறங்கும். டெபியன் தன் பழைய வெளியீடுகளை ஆதரவு முடிந்த பின் முதன்மைச் சர்வர்களிலிருந்து எடுத்து ஆவணச் சர்வருக்கு மாற்றிவிடும். 2023-இல் ஸ்ட்ரெச் என்ற வெளியீடு அப்படிப் போனபோது, பழைய முகவரியை நம்பியிருந்த எத்தனையோ பில்டுகள் 404, அதாவது கோப்பு இல்லை, என்று நின்றன. நாங்கள் கட்டிப் பார்த்த 1.8 எழுந்தது, உணரிகளையும் படித்தது. ஆனால் கம்ப்ரஸர் பெட்டியோடு சேர்ந்து சோதிக்காத ஒன்றை, சீசன் தொடங்கும் நாளில் இன்னொருவரின் தொட்டியில் பரிசோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் இமேஜ் கிடைத்தது கீழக்கரையில். அங்கே ஒரு குளிர் அறை தடைக்காலத்திலும் நிற்காமல் ஓடியது. நாட்டுப்படகு மீனும் கணவாயும் அங்கே வருகின்றன. அந்தக் கருவியின் கார்டில் 1.8 பத்திரமாக இருந்தது. டாக்கர் சேவ் கட்டளையால் அதை ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் எடுத்து, பஸ் ஏறி அலுவலகம் கொண்டுவந்து, டாக்கர் லோடு செய்து களஞ்சியத்தில் திரும்ப ஏற்றினோம். சிம் கார்டு இணையத்தில் அனுப்புவதைவிட பஸ் வேகமாக இருந்தது. இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி இறக்கி ஏற்றும்போது இமேஜின் அடுக்குகளான லேயர்கள் மறுபடி சுருக்கப்படுவதால், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுக் களஞ்சியத்தில் பதிவாகும் டைஜெஸ்ட் எண் முன்பிருந்ததிலிருந்து மாறிப்போகலாம். எங்கள் அமைப்புக் கோப்புகள் டேக் பெயரால் கேட்பவை என்பதால் சிக்கல் இல்லை. டைஜெஸ்ட் எண்ணால் கேட்கும்படி எழுதியிருந்தால், அத்தனை அமைப்புக் கோப்புகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

பாம்பன் ஆலை படகு இறங்குவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான் களஞ்சியம் என் கைக்கு வந்தது.

முதலில் நான் பார்த்தது, அழித்ததை ஏன் மீட்க முடியவில்லை என்பதை. நெக்சஸில் அழிப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. துப்புரவு வேலை ஓடும்போது பொருளுக்கு அழிந்தது என்ற குறி மட்டும் விழும். கோப்பு டிஸ்க்கிலேயே இருக்கும். கடைக்காரர் பற்று நோட்டில் பெயரை அடித்துவிட்டார், சரக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது என்பது போல. கம்பாக்ட் பிளாப் ஸ்டோர் என்ற இன்னொரு வேலை ஓடினால்தான் இடம் உண்மையில் காலியாகும். பலரும் இதை அறியாமல், இவ்வளவு அழித்தும் டிஸ்க் குறையவில்லையே என்று தலையைச் சொறிகிறார்கள். டாக்கர் இமேஜுக்கு நடுவில் இன்னும் ஒரு படி உண்டு: துப்புரவு விதி டேக்கை எடுக்கும், பயன்படாத மேனிஃபெஸ்ட்களையும் (இமேஜின் உள்ளடக்கக் குறிப்புகள்) லேயர்களையும் நீக்கும் வேலை தனியாக ஓட வேண்டும், கடைசியாக கம்பாக்ட். டாக்கரின் சொந்த ரெஜிஸ்ட்ரியை நேரடியாக வைத்திருப்பவர்களுக்கும் இதே போல கார்பேஜ் கலெக்ட் கட்டளை தனி. அது ஓடும்போது ரெஜிஸ்ட்ரியை வாசிப்பு மட்டும் என்ற நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் இமேஜின் லேயரையே அது குப்பை என்று எடுத்துவிடக் கூடும்.

குறி விழுவதற்கும் கம்பாக்ட் ஓடுவதற்கும் இடையே உள்ள நாட்கள்தான் நமக்கு மிஞ்சும் அவகாசம். அந்த இடைவெளியில் கொஞ்சம் பாடுபட்டால் மீட்க வழி உண்டு. கம்பாக்ட் ஓடிய பிறகு பேக்கப் மட்டும்தான் கதி. எங்கள் சர்வரில் கம்பாக்ட் வாரந்தோறும் ஓடும்படி இருந்தது. பேக்கப்போ, தரவுத்தளத்துக்கு மட்டும் இருந்தது. கோப்புகள் இருக்கும் பிளாப் ஸ்டோருக்கு இல்லை. பெயர்ப் பட்டியல் இருந்து பொருள் இல்லாத பேக்கப். இரண்டையும் ஒரே நேரத்து நிலையில் எடுத்தால்தான் ஒன்றுக்கொன்று உதவும். இப்போது கம்பாக்ட் மாதம் ஒருமுறை, பிளாப் ஸ்டோர் பேக்கப் முடிந்தது என்ற செய்தி வந்த பிறகு, கையால் ஓட்டுகிறோம். அதற்கான டிஸ்க் செலவு ஒரு கள ஊழியரின் பயணப்படியைவிடக் குறைவு.

அடுத்தது விதி. 60-ஐ 120 ஆக்கிவிடலாம் என்று அலுவலகத்தில் ஒரு கருத்து எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. எண்ணைக் கூட்டினால் அதே விபத்து கொஞ்சம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான். தடைக்காலம் முடிந்த சில மாதத்தில் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் எங்கள் கரையை ஒட்டி நகராமல் நின்றது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு இறங்காது, சில ஆலைகள் நிறுத்திவிடும். ஒரு வாடிக்கையாளர் குடும்பத் தகராறில் ஆலையை ஓராண்டு பூட்டி வைத்திருந்து பிறகு திறந்தார். எந்த எண்ணைப் போட்டாலும் அதைவிட நீளமான மௌனம் ஒன்று எங்கோ இருக்கும்.

எனவே சர்வரிடம் கேட்பதை விட்டுக் கருவிகளிடம் கேட்கத் தொடங்கினோம். ஒவ்வொரு கருவியும் தினமும் ஒருமுறை, தான் எந்தப் பதிப்பை ஓட்டுகிறது என்பதை எங்களுக்குச் சொல்லும். அதோடு ஒவ்வோர் ஆலையின் அமைப்புக் கோப்பும் கிட்டில் இருக்கிறது. அதில் அந்த ஆலைக்கு உரிய பதிப்பு எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு சிறு நிரல் தினமும் பட்டியல் தயாரிக்கிறது. கருவி பேசாவிட்டாலும் கோப்பில் பெயர் இருந்தால் அந்தப் பதிப்பு பட்டியலில் இருக்கும். கோப்பில் பெயர் மாறிவிட்டாலும் கருவி இன்னும் பழையதையே ஓட்டினால் அதுவும் இருக்கும். இரண்டு பக்கமும் கைவிட்டது மட்டுமே அழிப்புக்கு உரியது. முதல் பட்டியல் வந்தபோது, ஓடுகின்றன என்று நாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகமான பதிப்புகள் கரையில் ஓடிக்கொண்டிருந்தன. அழிப்பு விதிக்காகத் தொடங்கிய வேலை, பராமரிப்புக்கே பெரிய உதவியாக முடிந்தது.

பட்டியலில் உள்ளதை எப்படிக் காப்பது என்பதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு: விதிவிலக்கு எழுதாதீர்கள், இடத்தைப் பிரியுங்கள். ஒரே களஞ்சியத்தில் எல்லாவற்றையும் போட்டு, இந்தப் பெயரில் தொடங்குவதை மட்டும் அழிக்காதே என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி வைத்தால், அந்த வரியில் ஒரு குறி விட்டுப்போனாலும் எல்லாம் போய்விடும். எங்களிடம் இப்போது மூன்று தனிக் களஞ்சியங்கள். கிளை பில்டுகளுக்கு ஒன்று. அங்கே இரக்கமே இல்லை, இரண்டு வாரத்தில் காலி. சோதனைக்குப் போனவற்றுக்கு ஒன்று. களத்துக்குப் போனவற்றுக்கு ஒன்று; அதோடு எந்தத் துப்புரவு விதியும் இணைக்கப்படவில்லை. வெளியீடு என்று முடிவானதும் பில்ட் சர்வர் இமேஜை அந்த மூன்றாவது இடத்துக்கு நகலெடுக்கும். மைக்ரோசாஃப்டின் களஞ்சியமான அஷ்யூர் ஆர்ட்டிஃபாக்ட்ஸ் பயன்படுத்துபவர்கள் பேக்கேஜை வியூ என்ற தனிப் பிரிவுக்கு உயர்த்தினாலே அது தக்கவைப்பு விதியிலிருந்து தப்பிவிடும். கருத்து ஒன்றுதான்.

கிளை பில்டுகளில் இவ்வளவு தாராளமாக அழித்தும் இடம் எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை என்று எங்கள் கணக்காளர் கேட்டார். இமேஜ்கள் அடிப்படை லேயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பட்டியலில் ஒவ்வொன்றும் சில நூறு எம்பி என்று காட்டினாலும், அதற்கே உரிய பகுதி சில எம்பிதான். இருபது இமேஜை அழித்தாலும் பொது லேயர் இருபத்தோராவது இமேஜுக்காக அங்கேயே இருக்கும். அளவுகளைக் கூட்டிப் பார்த்து மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வெளியிலிருந்து எடுக்கும் பேக்கேஜ்களின் நகல்களை எப்படி வேண்டுமானாலும் அழிக்கலாம், வேண்டுமானால் மறுபடி வரும் என்பது பொதுவான ஆலோசனை. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற, பதினொரு வரியே உள்ள ஒரு பேக்கேஜை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டபோது உலகெங்கும் பில்டுகள் நின்றன. ஜாவா நூலகங்களுக்கான ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப் போவதாக 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அதை மட்டும் நம்பியிருந்த ஆண்ட்ராய்டு திட்டங்கள் ஓடோடி வேறிடம் தேடின. டாக்கர் ஹப் 2020 நவம்பரிலிருந்து பயனர் கணக்கு தொடங்காமல் இறக்குபவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 இறக்கம் என்று வரம்பு வைத்தது. நகல்களை ஒரே நாளில் கழுவித் துடைத்தால், மறுநாள் காலை எல்லா பில்டும் ஒன்றாகப் போய் அந்த வரம்பில் முட்டி நிற்கும். எங்கள் நடைமுறை: களத்துக்குப் போன ஒரு பதிப்பின் லாக் கோப்பில் (நூலகங்களின் பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் கோப்பு) பெயர் உள்ள வெளிப் பேக்கேஜ் எதையும் தொடுவதில்லை. மற்றவை 90 நாளில் போகும்.

கடைசிப் பதிவிறக்கத் தேதி இன்னொரு பக்கமும் ஏமாற்றும். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தினோம். அது இரவுதோறும் எல்லா இமேஜையும் இறக்கிப் பார்த்தது. அதற்குப் பிறகு எதுவுமே பழையதாக ஆகவில்லை. துப்புரவு வேலை தவறாமல் ஓடியது, தவறாமல் பூஜ்யம் என்று அறிக்கை கொடுத்தது. டிஸ்க் வளர்ந்துகொண்டே போனது. உங்கள் களஞ்சியத்தில் எதுவும் அழியவில்லை என்றால், இரவில் யார் எல்லாவற்றையும் தொடுகிறார்கள் என்று அணுகல் பதிவில் முதலில் பாருங்கள்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து, கடைசிப் பத்தை வைத்துக்கொள் என்று எழுதும் விதியும் எனக்குப் பிடிக்காது. பில்ட் சர்வரில் ஒரு வேலை சுழலில் மாட்டி மணிக்குப் பத்து உடைந்த இமேஜ்களைத் தள்ளினால், நல்ல பதிப்புகள் அத்தனையும் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படும். எண்ணிக்கையும் வயதும் இரண்டும் மீறினால் மட்டும் அழி என்று சேர்த்து எழுதுவது மேல். சொந்தமாக நிரல் எழுதி அழிப்பவர்கள் பதிப்பு எண்களை வெறும் எழுத்துச் சரங்களாக வரிசைப்படுத்தினால் 1.10 என்பது 1.9-க்கு முன்னால் போய் உட்காரும். புதியதையே பழையது என்று நிரல் அழிக்கும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால், இரவு ஒரு மணி என்று நீங்கள் போட்டது இங்கே காலை ஆறரை.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. கருவியோடு லினக்ஸும், மூல நிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் பிற மென்பொருள்களும் வாடிக்கையாளரிடம் போகின்றன. மூல நிரலைக் கூடவே கொடுக்காமல், கேட்டால் தருகிறோம் என்று எழுத்துமூலம் வாக்களிக்கும் வழியை எடுத்தால், ஜிபிஎல் 2-ஆம் பதிப்பின்படி அந்த வாக்கு குறைந்தது மூன்றாண்டு செல்ல வேண்டும். ஆக, கடைசியாக ஒரு கருவியில் போன பதிப்புக்கு உரிய மூலப் பேக்கேஜ்களை மூன்றாண்டுக்கு முன் அழிக்கும் உரிமையே நமக்கு இல்லை. கருவி விற்கும் சிறு நிறுவனங்கள் இதை நினைப்பதே அபூர்வம்.

இமேஜை அழித்தாலும் அதற்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியலை அழிப்பதில்லை. அது சில கேபிதான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நூலகத்தின் பாதுகாப்புக் குறை வெளியானபோது, எந்தப் பழைய பதிப்பில் அந்த நூலகம் இருந்தது என்று சொல்ல முடியாமல் பல இடங்களில் இமேஜ் இமேஜாகத் திறந்து பார்த்தார்கள். பட்டியல் கையில் இருந்தால் ஒரு தேடலில் முடிகிற வேலை.

நாட்காட்டியையும் விதிக்குள் கொண்டுவந்துவிட்டோம். ஏப்ரல் முதல் ஜூலை நடு வரை களத்துப் பதிப்புகளில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆடி பிறந்த பிறகுதான் ஆண்டு அழிப்பு. அதற்குள் தடை முடிந்து, ஆலைகள் ஓடி, உயிரோடு உள்ள கருவிகள் எல்லாம் ஒருமுறையாவது பேசியிருக்கும். பேசாத கருவிக்கு எங்கள் கள ஊழியர் உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்பார்: அண்ணே, இந்த வருஷம் ஆலையைத் திறக்கவில்லையா? பதில் தெரியும்வரை அந்தப் பதிப்பு பட்டியலில் இருக்கும். அழிக்கப்போவதன் பட்டியல் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும். கள ஊழியர் வேண்டாம் என்று சொன்ன எதையும் நான் அழிப்பதில்லை, காரணம்கூடக் கேட்பதில்லை. ஆலைக்குள் நிற்பவர் அவர்.

போன ஆடியில் இப்படி ஒன்றை அவர் நிறுத்திவைத்தார். மூக்கையூரில் ஓர் ஆலை 1.8-ஐ விட்டு 2.3-க்கு மாறிவிட்டதாகக் கோப்பு சொன்னது, கருவியும் 2.3 என்றே சொன்னது. ஆனால் அங்கே இரண்டாவது கம்ப்ரஸர் ஒன்று ஷெட்டில் உறை போட்டு இருக்கிறதாம். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழைய வகை. முதலாவது பழுதானால் அதைத்தான் ஓட்டுவார்களாம். எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல். இப்போது அமைப்புக் கோப்பில் மாற்று இயந்திரத்துக்கு என்று தனியாக ஒரு வரி சேர்த்து, மற்ற ஆலைகளுக்கும் அதே கேள்வியைக் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம். கீழக்கரையும் மண்டபமும் முடிந்துவிட்டன. தொண்டிப் பக்கம் இன்னும் பாக்கி.